தங்கமீன் தலைகீழாக மிதக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்கள் தங்கமீன் நேற்று இரவிலிருந்து வயிறு மேலே தெரிய மிதக்கிறது. உணவைக் கண்டால் மட்டும் துடுப்பை அடித்துப் புரளப் பார்க்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. பிழைக்குமா?

பதில் 1:
பசி இருக்கிறதே, அது நல்ல அறிகுறி. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்: அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 இருக்க வேண்டும். இல்லையென்றால் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, அதே சூட்டில் இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் உணவு வேண்டாம், தாங்கிக்கொள்ளும். அப்புறம் வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்து, நசுக்கி, துளியூண்டு கொடுங்கள்.

பதில் 2:
மேலிருந்து பாருங்கள். செதில்கள் சிலிர்த்து நின்றால் வெறும் செரிமானக் கோளாறு இல்லை. தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்:
செதில் படிந்துதான் இருக்கிறது. அம்மோனியா 0.5 காட்டுகிறது. சரி, இப்போதே தண்ணீர் மாற்றுகிறேன்.