தெற்குத் தெரு குழு: நண்டு கம்பெனியில் ஒட்டிய நோட்டீஸ்

செல்வி: கம்பெனியில் இன்றைக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் டைபாய்டு ஊசி போட்டு டாக்டர் சான்றிதழ் கொண்டுவராதவர்கள் வேலைக்கு வர வேண்டாமாம். ஊசிக் காசைக் கூலியில் பிடித்துக்கொள்வார்களாம். சூப்பர்வைசரிடம் கேட்டால் மேலிடத்து உத்தரவு என்று முடித்துவிட்டார்.

சகாயம் மாமா: தடைக்காலம் முடிந்து இப்போதுதான் கரைக்குச் சரக்கு வருகிறது. கூலி பார்க்கிற நேரத்தில்தான் இவர்களுக்கு ஊசி ஞாபகம் வரும்.

பாத்திமா அக்கா: பயப்படாதே செல்வி. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. கொரோனா நேரத்துத் தீர்ப்பு. அதைக் கொண்டுபோய்க் காட்டு.

வக்கீல் தம்பி: அக்கா, அதை இதற்குக் காட்டினால் எடுபடாது. 2022 மே 2இல் ஜேக்கப் புலியேல் வழக்கில் வந்த தீர்ப்பு அது. அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுப்படி ஒருவருடைய உடம்பின் மேல் அவருக்குத்தான் உரிமை, வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றார்கள். அது சரி. பொது சுகாதாரத்துக்காக அரசு அளவோடு கட்டுப்பாடு வைக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. ஊசி போடாதவர்களால்தான் கொரோனா அதிகம் பரவுகிறது என்று அரசுகள் ஆதாரம் காட்டவில்லை. அதனால்தான் அவர்களைப் பொது இடங்களில் தடுப்பதை மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள்.

வக்கீல் தம்பி: செல்வி அக்கா கேட்பது வேறு. உணவுத் தொழில் உரிமத்துக்கென்று 2011இல் வந்த விதிமுறைகள் இருக்கின்றன. அதன் நான்காம் அட்டவணையில், உணவில் கை வைக்கிற தொழிலாளிக்கு வருடம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி, இரண்டுக்கும் பதிவேடு என்று எழுதியே இருக்கிறது. நண்டுச் சதை எடுப்பது உணவு வேலைதானே.

பாத்திமா அக்கா: அப்படியென்றால் ராமேஸ்வரத்தில் ஹோட்டலில் நிற்கிற என் மகனுக்கும் உண்டா? இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையே.

வக்கீல் தம்பி: உண்டு அக்கா. கேரளாவில் 2023இல் உணவு வேலை செய்கிறவர்களுக்கு ஹெல்த் கார்டு, அதாவது டாக்டர் தரும் உடல்நலச் சான்று, கட்டாயம் என்றதும் ஹோட்டல்காரர்கள் இந்த ஊசிக்குத்தான் அலைந்தார்கள்.

சகாயம் மாமா: கடலில் நண்டு பிடிக்கிற எனக்கும் குத்துவார்களா?

சுகந்தி மதினி: உங்களுக்கு நாக்கில்தான் குத்த வேண்டும் மாமா 😄 செல்வி, ஊசியைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. டைபாய்டு கிருமி மலத்தின் வழியாகக் கைக்கும், கையிலிருந்து சாப்பாட்டுக்கும் போகும். காய்ச்சல் விட்டு ஆள் நன்றாக நடமாடும்போதும் சிலருக்குப் பித்தப்பையில் தங்கிக்கொள்ளும். நண்டை அவித்த பிறகுதானே நீங்கள் கையால் சதை எடுக்கிறீர்கள்? அதற்குத்தான் இந்த விதி. ஊசி போட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை விடக் கூடாது, ஊசி முழுப் பாதுகாப்புத் தராது. பழைய வகை ஊசியென்றால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும், அதனால் சீட்டைப் பத்திரமாக வை.

செல்வி: போடுவதற்கு நான் மறுக்கவில்லை மதினி. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறோம், அதிலும் பிடித்தால் எப்படி? எங்கள் மேசையில் ஒரு பிள்ளை ஐந்து மாதக் கர்ப்பம். அவள் என்ன செய்வாள்?

சுகந்தி மதினி: அவள் முதலில் தன்னைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்கட்டும். இப்போது வேண்டாம் என்றால் அதை எழுதி வாங்கட்டும். காய்ச்சல் இருப்பவர்களும் முன்பு ஊசி ஒவ்வாமல் போனவர்களும் அப்படியே.

வக்கீல் தம்பி: கம்பெனி தப்பு செய்வது காசில்தான். விதி லைசென்ஸ் வைத்திருப்பவரைப் பார்த்து, ஏற்பாடு செய் என்கிறது. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் உண்டு, ஊசிக் காசு அதில் இல்லை. அப்புறம், மறுக்கிறவரைப் பிடித்துக் குத்த முடியாது. சதை எடுக்கிற மேசையில் உட்கார விடாமல் வைக்கலாம், அவ்வளவுதான். ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டு வேலையே இல்லை என்பது வேறு கதை, அதற்கு முன்னறிவிப்புக் காலம், காரணம் எல்லாம் கேட்கலாம்.

சகாயம் மாமா: தனியாகப் போய்க் கேட்காதே செல்வி. ஒருத்தி கேட்டால் அவளை மட்டும் நிறுத்துவார்கள்.

வக்கீல் தம்பி: மாமா சொல்வது சரி. எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாகக் கொடுங்கள். ஊசி போடச் சம்மதம், கம்பெனியே டாக்டரை வரவழைத்துத் தன் செலவில் போட வேண்டும், டாக்டர் தள்ளிப் போடச் சொன்னவர்களுக்கு அதுவரை பேக்கிங், கணக்கு மாதிரி வேறு வேலை. நகல் ஒன்றில் கம்பெனி சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ராமநாதபுரம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போகட்டும். வழக்கு வரைக்கும் போனால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. எண் 15100.

செல்வி: நோட்டீஸை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் தம்பி.

வக்கீல் தம்பி: நல்லது. ஊசிக் காசு பற்றிய வரி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், நாளைக்கு அதைக் கிழித்துவிடுவார்கள்.

பாத்திமா அக்கா: கடிதத்தை நீயே எழுதி அனுப்பு தம்பி. காலையில் வேன் வருவதற்குள் என் கடையில் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன்.