கர்னல் எண்ணோடு மல்லுக்கட்டிய கதைகள் (இருவர் மாறி மாறி எழுதியது)

2021 பிப்ரவரி. எங்கள் கருவியில் ஓடியது லினக்ஸ் 4.4. 2016 ஜனவரியில் வந்த கர்னல், அதாவது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் லினக்ஸின் மையப்பகுதி. நீண்டகால ஆதரவு, அதாவது எல்டிஎஸ், என்பதால் பேட்ச் வந்துகொண்டே இருந்தது. 4.4.255-இலிருந்து 4.4.256-க்கு மாறியதும், வெளியில் வாங்கிய நெட்வொர்க் டிரைவர் (நெட்வொர்க் வன்பொருளை இயக்கும் நிரல்) கம்பைல் ஆகவில்லை. 4.4-இல் இல்லவே இல்லாத ஃபங்ஷன்களைத் தேடி எர்ரர் மேல் எர்ரர். சரி, அப்படி என்னதான் மாற்றினார்கள் என்று பார்த்தால், எண்ணில் ஒன்றைக் கூட்டியதைத் தவிர எதுவுமே இல்லை!

விஷயம் இதுதான். கர்னல் தன் பதிப்பெண்ணை ஒரே முழு எண்ணாகவும் சுருக்கி வைத்திருக்கும். அதில் கடைசிப் பகுதிக்கு 8 பிட் இடம், 255 வரைதான் தாங்கும். 256 ஆனதும் நிரம்பி நடுப்பகுதியில் ஏறி 4.5.0 என்று காட்டும். 'கர்னல் 4.5 அல்லது அதற்கு மேல் என்றால் புது ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று டிரைவரில் எழுதியிருந்தது. அது அப்படியே நம்பிவிட்டது. எல்டிஎஸ் கர்னல்களைப் பராமரித்த கிரெக் குரோவா-ஹார்ட்மன் தெரிந்தேதான் அந்த வெளியீட்டைத் தனியாக விட்டிருந்தார், எங்கே உடைகிறது என்று சோதித்துப் பார்க்கச் சொல்லி. ஒரு கர்னலுக்கு இரண்டு வருடம் என்றிருந்த ஆதரவை ஆண்ட்ராய்டு போன்களுக்காக ஆறு வருடமாக இழுத்தால் எண் 255-ஐத் தாண்டாமல் என்ன செய்யும்? 4.4 கடைசியில் 302 வரை போய், 2022 பிப்ரவரியில்தான் ஓய்ந்தது.

*

எனக்கு வந்தது வேறு, ஆடிட் தலைவலி. சர்வர்களில் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7. அதன் கர்னல் கடைசிவரை 3.10-தான். லினக்ஸ் குழு வெளியிட்ட மூல 3.10-க்கு 2017 நவம்பரில் ஆதரவு முடிந்தது. பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சர்வரையும் சிவப்பில் காட்டியது. "சார், ரெட் ஹாட் புதுப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்னோக்கி எடுத்து இதே 3.10-இல் சேர்க்கிறது, 2024 ஜூன் வரை வரும்" என்றால், "எண் பழசாத்தானே இருக்கு?" என்றார் ஆடிட்டர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கர்னல் பேக்கேஜின் சேஞ்ச்லாக்கை (மாற்றங்களின் பட்டியல்) சிவிஇ எண்களோடு, அதாவது ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்களோடு, எடுத்துக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

மேலே எழுதியவருக்கு: அப்புறம் அந்த டிரைவரை என்ன செய்தீர்கள்? விற்றவர்கள் திருத்திக் கொடுத்தார்களா?

*

எங்கே! மெயிலுக்குப் பதிலே இல்லை. நல்லவேளை, 4.4.257-இல் கர்னல்காரர்களே அந்த முழு எண்ணின் கடைசிப் பகுதியை 255-க்கு மேல் ஏறாமல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மாறியதும் பழைய டிரைவர் தானாகவே கம்பைல் ஆகிவிட்டது.