கோவிட் சாவுக் கணக்கை வைத்து ஒரு மக்கள் பிரிவைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

கதிரவன்:
கோவிட் ஓய்ந்து இத்தனை காலம் ஆகியும் ஒரு விஷயத்தை நேராகப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2020 மே மாதம் ஒரு கணக்கை வெளியிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்த பிறகும், கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு வெள்ளையின ஆண்களைவிடக் கறுப்பின ஆண்களுக்கு 4.2 மடங்கு. வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு 4.3 மடங்கு. முதியவர்கள் அதிகம் இறந்தால் உடல் தளர்ச்சி என்கிறோம். ஆண்கள் அதிகம் இறந்தால் ஹார்மோன், நோயெதிர்ப்பு என்கிறோம். இனம் என்று வந்ததும் மட்டும் உடலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? எண் சொல்வதைக் கேட்போம்.

பொன்னி:
எண் சொல்வதை முழுசாகவே கேட்போம் கதிரவன். அந்த அறிக்கை 4.2-இல் நின்றுவிடவில்லை. வசிக்கும் வட்டாரம், அந்தப் பகுதியின் ஏழ்மை, வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா, படிப்பு, தொழில் தரம், ஏற்கெனவே இருந்த உடல்நலக் குறைவு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அது 1.9 ஆகிவிட்டது. பாதிக்கு மேல் கரைந்துபோகிற ஒன்றை உடலின் குணம் என்று எப்படிச் சொல்வது?

வயதோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள். வயதுக்கு இருந்த பிடி வேறு எதற்கும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் போட்ட கணக்குப்படி, தொற்றியவர்களில் 25 வயதில் இறப்பு 10,000 பேருக்கு ஒருவர், 55 வயதில் 1,000 பேருக்கு 4 பேர், 85 வயதில் 100 பேருக்கு 15 பேர். இவ்வளவு செங்குத்தாக ஏறுவதால், வயதைப் பார்க்காமல் எந்த இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டாலும் ஏமாந்துபோவோம். 2020 மார்ச் தொடக்கத்தில் இத்தாலியில் தொற்று உறுதியானவர்களில் 4.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். சீனாவின் எண் 2.3. பத்துப் பத்து வயதாகப் பிரித்தால் ஒவ்வொரு படியிலும் இத்தாலியின் விகிதம்தான் குறைவு! இத்தாலிய நோயாளிகளில் வயதானவர்கள் அதிகம், மொத்த எண்ணை அதுவே தூக்கிவிட்டது.

இதுவே தலைகீழாகவும் நடக்கும். அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்களின், அதாவது லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய வம்சாவளியினரின், நடு வயது (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) சுமார் 30, ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர்களுக்குச் சுமார் 44. 2020-இல் இந்த இரண்டு பிரிவின் கோவிட் சாவு விகிதத்தை அப்படியே பார்த்தால் ஏறக்குறைய சமம். வயதைச் சரிசெய்தால் ஹிஸ்பானிக் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். இளைய சமூகம் என்பதால் அவர்கள் சந்தித்த அழிவு கண்ணில் படாமலே போயிருக்கும்.

மருதன்:
நீங்கள் இருவரும் எந்த எண் சரி என்று சண்டை போடுகிறீர்கள். இப்படிப் பிரித்து வெளியிடுவதே தப்பு என்பது என் கட்சி. பிரிவு வாரியாக ஒரு பட்டியல் வெளிவந்தால் படிக்கிறவர் வயதையும் வீட்டையும் சரிசெய்து பார்க்கப் போவதில்லை. 'இவர்களுக்குத்தான் வருகிறது, இவர்களால்தான் பரவுகிறது' என்று முடித்துவிடுவார்.

யாரைச் சோதிக்கிறோமோ அவர்கள்தான் பட்டியலில் வருவார்கள் என்பதும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் தென் கொரியாவின் டேகு நகரில் ஷின்சியோன்ஜி என்ற மதக் குழுவில் தொற்று பரவியதும், அதன் உறுப்பினர்களைக் கூட்டம் கூட்டமாகச் சோதித்தார்கள். அந்தக் குழுவில் இளம் பெண்கள் நிறைய. நாட்டின் பட்டியலில் இருபதுகளில் இருப்பவர்களும் பெண்களும் மேலே வந்துவிட்டார்கள். இறந்தவர்களோ பெரும்பாலும் முதியவர்கள். தொற்றுப் பட்டியலை மட்டும் பார்த்தவர் இந்த நோயை என்னவென்று புரிந்துகொண்டிருப்பார்?

யாழினி:
மருதன், எண்ணாமல் விட்டால் பழி வராது என்று நினைக்கிறீர்கள். சாவு வருமே. பிரான்ஸில் மக்களை இனவாரியாகப் பதிவதற்குச் சட்டத்தில் கடும் தடை உண்டு. அதனால் அங்கே யார் அதிகம் இறந்தார்கள் என்று நேரடியாகக் கேட்கவே வழியில்லை. அந்நாட்டின் புள்ளிவிவர நிறுவனம் பிறந்த நாட்டை வைத்துப் பார்த்தது. 2019 மார்ச், ஏப்ரலோடு ஒப்பிட்டால், 2020-இல் அதே இரண்டு மாதங்களில் பிரான்ஸில் பிறந்தவர்களின் சாவு 22 சதவீதம் கூடியிருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்களில் 48 சதவீதம். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா அடங்கிய மக்ரெப் பகுதி நீங்கலான ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களில் 114 சதவீதம். பிறந்த நாடு என்ற அந்த ஒரு சந்துகூட இல்லாவிட்டால் இது வெளியே வந்திருக்காது. பிரான்ஸிலேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளின் கதை இந்தக் கணக்கில் இன்னும் இல்லை.

இன்னொன்று, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே அனுப்பி, மறுபக்கம் வந்து சேர்வதை வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்கிற கருவி. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தால், உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். 'ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்' என்று அனுப்பப்படக்கூடிய நிலைமை அது. நோயாளிகளைப் பிரித்துப் பார்த்ததால்தான் கருவியின் கோளாறு எண்ணாகத் தெரிந்தது.

மருதன்:
ஆக்சிமீட்டர் விஷயத்தை ஏற்கிறேன். அது மருத்துவர்கள் மருத்துவர்களுக்காகச் செய்த ஆய்வு. தினசரிப் பட்டியலாகத் தொலைக்காட்சியில் ஓடவிடுவது வேறு. அமெரிக்காவில் முதல் சில மாதங்களில் வந்த 13 லட்சத்துச் சொச்சம் தொற்றுப் பதிவுகளில் இனம் குறிக்கப்பட்டிருந்தவை 45 சதவீதம்தான். பாதிக்கு மேல் வெற்றிடம் உள்ள ஒரு ஏட்டை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்வதா?

கதிரவன்:
சுற்றிச் சுற்றி எங்கேயோ போகிறீர்கள். உடல் காரணமே இல்லை என்று பொன்னி சொல்வது அறிவியலுக்கே பொருந்தாது. 2020-இல் மரபணு ஆய்வாளர்கள் ஸ்வாந்தே பேபோவும் ஹியூகோ ஸேபெர்கும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள்: மூன்றாவது குரோமோசோமில், அழிந்துபோன பழங்கால நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த ஒரு துண்டு இருந்தால் கோவிட் கடுமையாகும் ஆபத்து கூடுகிறது. தெற்காசியாவில் பாதிப் பேரிடம் அது இருக்கிறது. ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம்தான். பிரிட்டனில் வங்கதேச வம்சாவளியினர் அதிகம் இறந்ததற்கும் இதற்கும் தொடர்பே இல்லையா?

பொன்னி:
இருக்கலாம், ஒரு பங்கு. உடல் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே கட்டுரையில் ஆப்பிரிக்காவைப் பற்றி என்ன இருக்கிறது? அந்தத் துண்டு அங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நீங்கள் தொடங்கியதே கறுப்பினத்தவரின் 4.2 மடங்கில்தானே? உங்கள் மரபணு உங்கள் முதல் எண்ணை விளக்கவில்லை.

அலைகளையும் பாருங்கள். இங்கிலாந்தில் முதல் அலையில் மிக அதிகம் பறிகொடுத்தவர்கள் கறுப்பின ஆப்பிரிக்கர்கள். இரண்டாம் அலையில் வங்கதேச வம்சாவளியினர். 2022-க்குள் வெள்ளையர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளியே பெரும்பாலும் மறைந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் யாருடைய மரபணுவும் மாறவில்லை. மாறியது தொற்று எந்தத் தெருவில், எந்த வேலையில் நுழைந்தது என்பது. அப்புறம் தடுப்பூசி. கடைசியில் உண்மையான இடைவெளி 4.2-உம் இல்லை, 1.9 அளவுதான் என்று நாம் நிதானமாகப் பேசலாம்.

யாழினி:
பொன்னி, நீங்கள் கதிரவனுக்குச் சொன்ன பதில் முழுக்கச் சரி. 'உண்மையான இடைவெளி 1.9தான்' என்ற இடத்தில்தான் உங்களோடு சண்டை.

4.2-லிருந்து 1.9-க்கு இறங்கும்போது எதை விலக்கினோம்? நெரிசலான வீடு, ஏழைப் பகுதி, கிடைத்த வேலை. இவையெல்லாம் அந்த மனிதர்களின் சாவுக்குக் காரணமான விஷயங்கள். கணக்கில் சரிசெய்ததால் ஒருவரும் உயிரோடு எழுந்து வரவில்லை. அதே அலுவலகம் அதே மாதம் தொழில்வாரியாகவும் ஒரு கணக்குப் போட்டது. வேலை செய்யும் வயதில் உள்ள ஆண்களில், பாதுகாவலர் வேலை பார்ப்பவர்கள் 1 லட்சம் பேருக்கு 45.7 பேர் இறந்திருந்தார்கள். டாக்ஸி ஓட்டுநர்கள் 36.4. பேருந்து ஓட்டுநர்கள் 26.4. எல்லோரும் வீட்டுக்குள் இருங்கள் என்று அரசு சொன்னபோது வாசலில் நிற்கவும் வண்டி ஓட்டவும் போனவர்கள். ஏன் கறுப்பினத்தவரும் தெற்காசியரும் இந்த வேலைகளில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 'வேலையைச் சரிசெய்துவிட்டோம், மிச்சம் 1.9' என்றால் அந்தக் கேள்வியைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டு மிச்சத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

உடல் காரணமா என்று கேட்கிறவருக்கு 1.9 தேவை. யாருக்கு முதலில் முகக்கவசமும் தடுப்பூசியும் போய்ச் சேர வேண்டும், யாருக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று முடிவு செய்கிறவருக்கு 4.2 தேவை. இரண்டும் உண்மை. எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் உண்மை என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பொன்னி:
நியாயம்தான். ஆனால் 4.2-ஐத் தனியாக விட்டால் அது கதிரவன் படித்த மாதிரிதான் படிக்கப்படும். தொழில் பட்டியலும் வீட்டுப் பட்டியலும் அதன் பக்கத்திலேயே, அதே தாளில் இருக்க வேண்டும்.

மருதன்:
அப்படி ஒரே தாளில் வந்தால் என் எதிர்ப்பு பாதி குறையும். இன்னொரு ஓட்டையையும் சொல்கிறேன். 2020-இல் இங்கிலாந்தில் இறப்புப் பதிவில் இனம் கேட்கப்படவில்லை. அதனால் இறந்தவர்களை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு இணைத்துத்தான் இந்த 4.2 கிடைத்தது. 2011-க்குப் பிறகு அங்கே குடியேறியவர்கள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. மிகவும் நிலையில்லாத வேலையிலும் அறையிலும் இருப்பவர்கள் அவர்கள்தானே?

யாழினி:
ஆமாம், அதனால்தான் எந்த நாட்டிலும் இறப்புப் பதிவிலேயே கேட்க வேண்டும் என்கிறேன். ஸ்காட்லாந்தில் 2012 முதல் கேட்கிறார்கள்.

கதிரவன்:
கேட்கட்டும், எனக்கு மறுப்பில்லை. தொழிலும் வீடும் வரும் அந்தத் தாளில் மரபணு ஆய்வுக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். அதை நான் விடப்போவதில்லை.