அப்பாவின் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற வேண்டும்: தானப் பத்திரம் போதுமா?

கேள்வி

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. 1994இல் லைசென்ஸ் எடுத்து வாங்கிய 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. லைசென்ஸ் முடிய இன்னும் 4 மாதம்தான். கண் பார்வை மங்கிவிட்டதால் "இனி நீயே வைத்துக்கொள்" என்கிறார். எனக்கு வயது 34, குடியிருப்பது வேறு மாவட்டம், லைசென்ஸ் கிடையாது. முத்திரைத்தாளில் தானப் பத்திரம் எழுதி, துப்பாக்கியையும் மீதி 20 தோட்டாவையும் காரில் கொண்டுவந்துவிடலாமா? அக்காவுக்கு ஆட்சேபம் இல்லை.

பதில் 1

தயவுசெய்து கொண்டுவராதீர்கள். நிலம், நகை மாதிரி இதைப் பத்திரம் எழுதிக் கைமாற்ற முடியாது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 3இன்படி லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கியோ தோட்டாவோ இருந்தாலே குற்றம். அப்பாவுடையதுதானே என்ற சமாதானம் எடுபடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 25(1பி)இல் குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டு, 5 ஆண்டு வரை போகலாம், அபராதம் தனி. உயில் எழுதினாலும் இதே நிலைதான். பொருள் யாருக்குச் சேரும் என்பதை உயில் சொல்லும், வீட்டில் வைத்துக்கொள்ளும் அனுமதியைத் தராது.

அதே பிரிவு 3இல் சிறு விலக்கு உண்டு: லைசென்ஸ்தாரர் உடன் இருக்கும்போதோ, அவர் எழுத்தில் அனுமதி தந்தாலோ, லைசென்ஸ் இல்லாதவர் ஆயுதத்தை எடுத்துச் செல்லலாம். ஆனால் பழுதுபார்க்க, லைசென்ஸைப் புதுப்பிக்க, லைசென்ஸ்தாரர் தாமே பயன்படுத்த என்ற மூன்று காரணங்களுக்கு மட்டும்தான். மகன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பது இதில் வராது. பலர் சிக்குவது இங்கேதான்.

பதில் 2

உங்களுக்குச் சரியான வழி ஆயுத விதிகள் 2016, விதி 25. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வாரிசுக்கு லைசென்ஸ் தரலாம். உயிரோடு இருக்கும்போதே என்றால், அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும் அல்லது அந்த ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருந்திருக்க வேண்டும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அது போதும். அப்பாவுக்கு 70 ஆகவில்லை, ஆனால் 1994இலிருந்து கணக்குப் போட்டால் 25 ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே அவர் உங்களை வாரிசாக நியமித்துக் கடிதம் தரலாம்.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் ஏ-1 படிவத்தில் புது விண்ணப்பம் போட வேண்டும். தமிழ்நாட்டில் போலீஸ் கமிஷனர் உள்ள நகரம் என்றால் அவரிடம், மற்ற இடங்களில் கலெக்டரிடம். வயது, முகவரிச் சான்றுகள், மருத்துவச் சான்று, பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, அப்பாவின் கடிதம், அவருடைய லைசென்ஸ் நகல், அக்காவின் ஆட்சேபமின்மை உறுதிமொழி எல்லாம் சேருங்கள். அக்காவின் ஒப்புதலை வாய்ச்சொல்லாக விடாமல் நோட்டரி முன் எழுதி வாங்குங்கள்.

போலீஸ் விசாரணை உண்டு. விதியில் "வழங்கலாம்" என்றுதான் இருக்கிறது, வாரிசு என்பதற்காக உரிமையோடு கேட்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆயுதச் சட்டத்தின் பிரிவு 18இன்படி மேல்முறையீடு செய்யலாம். உங்கள் பெயரில் ஏற்கெனவே ஆயுதம் இருந்தால் மொத்தம் இரண்டுக்கு மேல் போகக் கூடாது. பரம்பரை ஆயுதத்துக்கும் அதே வரம்புதான்.

பதில் 3

விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை: துப்பாக்கியில் பொறித்த எண்ணும் லைசென்ஸில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று அப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள். குழலைக் கழற்றினால் அதன் அடிப்பக்கத்திலும் ஆக்‌ஷனிலும் (தோட்டாவைச் சுட வைக்கும் இயக்கப் பகுதி) எண் இருக்கும். கையால் எழுதிய பழைய லைசென்ஸ் புத்தகங்களில் 1ம் 7ம், 3ம் 8ம் இடம் மாறியிருப்பது சகஜம். அதைத் திருத்தாமல் விட்டால் உங்கள் கோப்பு அங்கேயே நின்றுவிடும். லைசென்ஸுக்குத் தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண், அதாவது யுஐஎன், ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரிவு 5(2)இன்படி, கைமாற்றும் முன் அப்பா உங்கள் பெயர், முகவரியோடு எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகம், அருகிலுள்ள காவல் நிலையம் இரண்டிலும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குவது நல்லது.

கேட்டவர்

ரொம்ப நன்றி சார். என் லைசென்ஸ் வருவதற்குள் அப்பாவுடையது முடிந்துவிட்டால்? எப்படியும் மாற்றப்போகிறோம், புதுப்பிக்கத்தான் வேண்டுமா?

பதில் 2

புதுப்பியுங்கள். 4 மாதத்துக்குள் உங்கள் கோப்பு முடியும் என்று நம்பி இருக்காதீர்கள். முடிவதற்கு 2 மாதம் முன்பாவது விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். தேதி தாண்டினால் 30 ஆண்டு ஒழுங்காக வைத்திருந்த அப்பாவே சட்டவிரோதமாக வைத்திருப்பவர் ஆகிவிடுவார்.

புதுப்பிக்க விருப்பமில்லை என்றால், முடியும் முன்பே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிடுங்கள். ரசீதில் தயாரிப்பு, போர், எண், தோட்டா எண்ணிக்கை நான்கும் இருக்கட்டும். ஒப்படைக்கும் முன் குழலைத் துடைத்து எண்ணெய் பூசச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே துரு ஏறிவிடும்.

பதில் 1

கேட்கவே சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதற்கிடையில் அப்பாவுக்கு ஏதாவது நேர்ந்தால் துப்பாக்கியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தாமதமின்றிக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். பிரிவு 21இல் வாரிசுக்குப் பாதுகாப்பு இருக்கிறது: லைசென்ஸ் கிடைத்த பின் திரும்பப் பெறலாம், அல்லது தகுதியுள்ளவருக்கு விற்று அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதற்கான கெடு தாண்டினால் பறிமுதல், அதனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேட்டவர்

தோட்டா 20ஐ மட்டும் இப்போது என்னிடம் வைத்துக்கொள்ளலாமா?

பதில் 3

ஒன்றுகூட வேண்டாம். தோட்டாவுக்கும் அதே பிரிவு 3தான். உங்கள் லைசென்ஸ் வந்து, ஆயுதம் அப்பாவின் லைசென்ஸில் நீக்கப்பட்டு உங்களுடையதில் எண்ணோடு ஏறிய பிறகே இரண்டையும் வாங்குங்கள். அப்போதும் உங்கள் லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும், ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைக்கலாம் என்பதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள்.