ரிவால்வரின் ‘சிலிண்டர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்கத் தொழில் வரலாற்றுத் தொகுப்பு ஒன்றுக்காகக் கோல்ட் துப்பாக்கி நிறுவனம் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் தொடங்கிய ஆலை 1842-இல் மூடப்பட்டதும், மெக்சிகோ போரின்போது அமெரிக்கப் படையின் கேப்டன் வாக்கரின் முயற்சியால் 1,000 துப்பாக்கிகளுக்கு அரசின் கொள்முதல் ஆணை வர, சொந்த ஆலை இல்லாத அவர் பருத்தி அரவை இயந்திரத்தால் பெயர்பெற்ற இலாய் விட்னியின் மகனுடைய ஆலையில் அவற்றைச் செய்வித்து மீண்டெழுந்ததும், 1855-இல் ஹார்ட்ஃபோர்டின் ஆற்றங்கரையில் பேராலை அமைந்ததும் தமிழில் இடரின்றி வந்துவிட்டன. ரிவால்வரைச் ‘சுழல்துப்பாக்கி’ என்று எழுதியிருக்கிறேன். குழலுக்குப் பின்னால் ஐந்து அல்லது ஆறு துளைகளுடன் சுழலும் ‘சிலிண்டர்’ என்ற உறுப்பைத் ‘தோட்டா உருளை’ என்றிருக்கிறேன். மறுப்பு உண்டா?

மடல் 2: ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர்

ஐயா, மறுப்பு உண்டு. இன்று நாம் தோட்டா என்றதும் நினைக்கும் பித்தளைக் கூடு பேட்டர்சன் துப்பாக்கியில் இல்லை. வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு துளையிலும் இட்டு நிரப்பினார்கள். துளைகளின் பின்பக்கம் அடைபட்டிருந்தது. துளைகளை இருபுறமும் ஊடுருவச் செய்து, உலோகத் தோட்டாவைப் பின்னாலிருந்து செருக வழி செய்யும் காப்புரிமையை 1855-இல் பெற்றவர், முன்பு கோல்ட் ஆலையிலேயே வேலை செய்த ரோலின் வைட். அதைத் துப்பாக்கிக்கு 25 சென்ட் வீதம் உரிமைத்தொகை கொடுத்துப் பயன்படுத்தியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்னும் துப்பாக்கி நிறுவனம். காப்புரிமை 1869-இல் காலாவதியாகும்வரை கோல்ட் நிறுவனம் அந்த வழியில் இறங்க முடியவில்லை. புகழ்பெற்ற அதன் ஆறு தோட்டா ராணுவத் துப்பாக்கி 1873-இல்தான் வந்தது. இவ்வளவு பெரிய திருப்பத்தை, 1836-இலேயே ‘தோட்டா உருளை’ என்று எழுதி நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். மருந்தானாலும் பித்தளையானாலும் மாறாமல் இருப்பவை அறைகள்தாம். ஆகவே ‘அறையுருளை’ என்று முன்மொழிகிறேன்.

மடல் 3: புலவர்

உருளை என்னும் சொல்லை இன்றைய பாடநூல்கள் திண்ம வடிவத்துக்குச் சுருக்கிவிட்டன. ‘உருள்பெருந்தேர்’ என்று வள்ளுவர் சொல்லும்போது உருள்வது சக்கரம். நிலத்தில் படிந்து நகர்வதற்கே உருளுதல் என்று பெயர். இருந்த இடத்திலேயே அச்சைச் சுற்றுவது சுழலுதலாகும், உருளுதல் ஆகாது. எனவே ‘திகிரி’ என்பதே தகும். அது தேர்ச்சக்கரம், குயவன் சக்கரம், ஆழிப்படை ஆகிய மூன்றையும் குறிப்பது. சுழற்சியும் படையும் ஒருங்கே அடங்கிய வேறு சொல் நம்மிடம் இல்லை. மேலும், சுழல்துப்பாக்கி வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது. நாளிதழ்கள் ‘சுழற்கோப்பை’ என்று எழுதிப் பழக்கிய பிழையை இங்கும் கொண்டுவந்து ‘சுழற்றுப்பாக்கி’ ஆக்கிவிடாதீர்கள். துப்பாக்கி என்பதே துருக்கிய வழி வந்த சொல்லாயிற்றே என்பதை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறேன்.

மடல் 4: யாழ்ப்பாணத்து உறுப்பினர்

எங்கள் பக்கம் ‘துவக்கு’ என்போம்; அதுவும் அதே வழி வந்ததுதான், ஆனால் வாயில் எளிதாக நுழைகிறது. புலவர் ஐயாவின் இலக்கணத்தை ஏற்கிறேன்; இடர்ப்பாடு பொருளில்தான் இருக்கிறது. சுழல்துப்பாக்கி என்றால் எது சுழல்கிறது? இதே கோல்ட் நிறுவனம் 1866 முதல் கேட்லிங் துப்பாக்கியையும் செய்தது. அதில் கைப்பிடியைச் சுற்றினால் குழல்களே கொத்தாகச் சுழலும். ஒரே இயலில் இரண்டும் வரும்போது வாசகர் என்ன செய்வார்?

இன்னொன்று. தோட்டா என்ற சொல் பித்தளைக் கூட்டுக்கு முந்தியது. மருந்தையும் குண்டையும் தாளில் சுற்றிய பொட்டலமும் தோட்டாவே. எரிந்து தீரும் உறையுள்ள அத்தகைய தோட்டாக்களைக் கோல்ட் ஹார்ட்ஃபோர்டிலேயே செய்து விற்றார். ஆகவே ‘தோட்டா உருளை’ கால முரண் என்று ஆசிரியர் ஐயா முடிவுகட்டியது சற்று அவசரம்.

மடல் 5: கல்லூரி மாணவி

சிலிண்டர் என்றே எழுதினால் வாசகருக்குச் சமையல் எரிவாயு நினைவுக்கு வரும் என்பதால் அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ‘திகிரி’க்கு ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும்.

மடல் 6: ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர்

தாள்தோட்டாவை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை முன்பக்கத்தில் வைத்து நெம்புகோலால் இடித்து உள்ளே செலுத்தியபின், சுட்டதும் உறையும் சேர்ந்து எரிந்துவிடும். வெறும் மருந்தும் குண்டும் இட்டாலும் அதே உறுப்பு வேலை செய்யும். இருந்தும் இல்லாமலும் போகும் ஒன்றின் பெயரை உறுப்புக்கு வைப்பானேன்? ரோலின் வைட் வரும் இடத்தில் ‘ஊடுதுளை அறையுருளை’ என்று ஓர் அடை சேர்த்தால் வேறுபாடு விளங்கும். சுழலுதல் பற்றியும் ஒரு சொல்: கோல்ட் உருவாக்கிய அமைப்பில் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போது ஒரு தாழ்க்கொக்கி உருளையைத் தள்ளி, அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிறது, பிறகு இன்னொரு தாழ் அதை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. தானாகச் சுழல்வதில்லை, சுழற்றப்படுகிறது. தன்வினை, பிறவினை பார்த்தால் புலவர் ஐயாவின் திகிரியும் தப்பாது.

மடல் 7: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. கேட்லிங் வரும் பத்தியில் ‘குழல்கள் சுழலும் துப்பாக்கி’ என்று விரித்து எழுதிவிடுகிறேன்; ரிவால்வர் சுழல்துப்பாக்கியாகவே நிற்கட்டும். உறுப்புக்குப் பெரும்பாலோர் விருப்பம் ‘அறையுருளை’ போலத் தெரிகிறது. முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘சிலிண்டர் எனப்படும் அறையுருளை’ என்று எழுதி அனுப்புகிறேன்.

மடல் 8: புலவர்

அனுப்புங்கள். ஆனால் சுழல்துப்பாக்கியை வினைத்தொகையாகப் படித்த வாசகர் அடுத்த வரியில் அறையுருளையையும் வினைத்தொகையாகவே படித்து, அறைந்த உருளை, அறைகின்ற உருளை, அறையும் உருளை என்று மூன்று காலத்துக்கும் விரிப்பார். அவரைத் தடுக்க உங்களிடம் என்ன விதி இருக்கிறது?