யாழ்ப்பாணம் கோண்டாவில் பக்கம் குறைந்த செலவில் பைப் திருத்த ஆள் இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. எங்கள் வளவில் கிணற்றடிக்குப் பக்கத்தில் நிற்கும் அரை அங்குல பிவிசி பைப் நிலமட்டத்தோடு வெடித்துவிட்டது. வெயிலில் கிடந்து வெளிறி, அழுத்தினாலே நொறுங்குகிறது. மேலே உள்ள பித்தளை டப்பும் (தண்ணீர் திறக்கும் குழாய்) சுண்ணாம்பு படிந்து இறுகி, எவ்வளவு பூட்டினாலும் ஒழுகுகிறது. தாங்கித் தண்ணீர் வீணாகப் போகுதென்று வால்வை அடைத்து வைத்திருக்கிறோம். அம்மா பூக்கன்றுகளுக்கு வாளியில்தான் சுமக்கிறார், அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

பார்க்க வந்தவர் முழு லைனையும் மாற்றச் சொல்கிறார். அவ்வளவு காசு இப்போது இல்லை. வெடித்த துண்டை வெட்டி, சொக்கெட் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) வைத்து ஒட்டினால் தாங்குமா? வெயில்பட்ட பழைய பைப்பில் பசை பிடிக்குமா? டப்புக்கு வோசர் மட்டும் மாற்றினால் போதுமா?

நியாயமான கூலிக்கு வரும் ஆளைத் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கோ. சாமான் நாங்களே வாங்கித் தருவோம்.