நடுக்கத்துக்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்களா? சீன மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

மாலை வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். இங்கே மலேசியாவில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் டவுன் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாலையில் ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறேன். படிவம் 4 மாணவர்களில் பெரும்பாலோர் சீனப்பள்ளியில் படித்து வந்தவர்கள். சென்ற வாரம், இரவு மழையில் செம்பனைக் காட்டுக்குள் வழி தவறிய சிறுவனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். குளிரில் உடல் நடுங்கியதற்கும், பாம்பைக் கண்டு கை நடுங்கியதற்கும், அழுகை வருமுன் உதடு துடித்ததற்கும் அவர்கள் 'ஷேக்' என்ற ஒரே சொல்லையே எழுதியிருந்தார்கள். அதுவும் இறந்தகாலத்தில் 'ஷுக்' என்று வராமல் 'ஷேக்ட்' என்று. ஒரு மாணவி மட்டும் கைபேசி அகராதியைப் பார்த்துக் 'கன்வல்ஷன்' என்று போட்டிருந்தாள். பாவம், குளிரில் நின்ற சிறுவனுக்கு வலிப்பே வந்துவிட்டது. ஷிவர், டிரெம்பிள், ஷடர், குவிவர் என எதைத் தேடினாலும் மாண்டரினில் 'ஃபாதோவ்' (நடுங்குதல்) என்றுதான் வருகிறது என்கிறார்கள். எனக்குத் தெரிந்த மாண்டரின் கடையில் பேரம் பேசும் அளவுக்குத்தான். இந்தச் சொற்களின் வேறுபாட்டை அவர்கள் மொழியின் வழியாகவே விளக்க முடியுமா?

சீனப்பள்ளி மாணவன் (பழைய):

வணக்கம் டீச்சர். நான் ஆறாண்டுகள் சீனப்பள்ளியில் படித்தவன். இதே தவறுகளைச் செய்து அடி வாங்கியவன். மாண்டரினில் நடுக்கத்தின் காரணம் வினைச்சொல்லுக்கு வெளியே நிற்கும். குளிர் என்றால் 'லெங் த ஃபாதோவ்', கோபம் என்றால் 'ச்சீ த ஃபாதோவ்'. முன்னால் இருக்கும் சொல் மாறுமே தவிர ஃபாதோவ் மாறாது. ஆங்கிலமோ காரணத்தையும், நடுக்கத்தின் அளவையும், சில வேளைகளில் நடுங்கும் உறுப்பையும்கூட வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. ஆகவே சொல்லைத் தேடுமுன் 'எதனால், எவ்வளவு, எந்த உறுப்பு' என்று கேட்டுக்கொள்ளப் பழக்குங்கள்.

அந்த 'த' இன்னொரு தவறுக்கும் வழி விடும். 'நடுங்கும் அளவுக்குக் குளிர்' என்ற அமைப்பை அப்படியே கொண்டுவந்து, 'கோல்ட் அன்டில் ஷிவர்' என்று எழுதுவார்கள். மலாயிலும் 'சம்பாய் மெங்கிகில்' (நடுங்கும் வரை) என்று சொல்வதால் நம் பிள்ளைகளுக்கும் அது தவறாகத் தெரிவதில்லை. நடுங்குவதை முதலில் சொல்லி, 'வித்' சேர்த்துக் காரணத்தைப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள்: 'ஷிவர் வித் கோல்ட்', 'டிரெம்பிள் வித் ஃபியர்'.

வலிப்பு எழுதிய மாணவி 'ச்சோவ்ச்சூ' என்று தட்டியிருப்பாள் என்று நினைக்கிறேன். தசை தானாக வெட்டி இழுப்பதற்கான சொல் அது; சிறியதாக இருந்தால் ஆங்கிலத்தில் 'டுவிட்ச்', உடல் முழுவதும் இழுத்தால்தான் 'கன்வல்ஷன்'. கண் துடிப்பதை மாண்டரினில் இமை 'குதிக்கிறது' என்பார்கள். அதனால் 'மை ஐ இஸ் ஜம்பிங்' என்று எழுதுவார்கள். அதற்கும் டுவிட்ச்தான் சரி. இடக்கண் துடித்தால் பணம், வலக்கண் துடித்தால் கேடு என்பது அவர்கள் நம்பிக்கை. நம் வீடுகளிலோ ஆணுக்கு வலம், பெண்ணுக்கு இடம் என்று பார்ப்போம். பாடத்தை இதிலிருந்து தொடங்கிப் பாருங்கள், தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

தோட்ட டிரெஸர் (மருத்துவ உதவியாளர், ஓய்வு):

தம்பி சொன்னதை முக்கால் பங்கு ஏற்கிறேன். ஆனால் 'குளிருக்கு ஷிவர், பயத்துக்கு டிரெம்பிள்' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டால் அடுத்த கட்டுரையில் வேறு தவறு வரும். பயத்தில் முதுகுத்தண்டில் சிலிர்த்து ஓடுவதையும் ஷிவர் என்பார்கள். டிரெம்பிள் என்பதோ பயம், கோபம், மகிழ்ச்சி, முதுமை, களைப்பு எல்லாவற்றுக்கும் வரும். நாள் முழுவதும் செம்பனைக் குலைகளைத் தூக்கி லோரியில் ஏற்றியவனுக்கு மாலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது கை நடுங்குமே, அது டிரெம்பிள். அதை ஷிவர் என்று யாரும் எழுதமாட்டார்கள்.

ஷிவர் என்பது அடிப்படையில் வெப்பத்துக்காக உடல் செய்யும் வேலை. தசைகள் விரைவாகச் சுருங்கி விரிவதால் சூடு உண்டாகிறது. காய்ச்சல் ஏறும்போது மூளை உடல் வெப்பத்தின் இலக்கை உயர்த்திவிடுவதால், உடம்பு சுட்டாலும் நோயாளி குளிர்கிறது என்று போர்வை கேட்கிறார். அந்தக் கடுமையான நடுக்கத்தை மருத்துவக் குறிப்பில் 'ரைகர்' என்று எழுதுவோம். தோட்டங்களை அக்காலத்தில் ஆட்டிப் படைத்த மலேரியாவில் முதலில் வருவது இந்தக் கட்டம்தான். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'ஏக்யூ' என்ற சொல்லைக் கண்டால் அது இந்தக் குளிர்காய்ச்சலே.

'டிரெமர்' பெயர்ச்சொல். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இன்று தம் பெயரால் வழங்கும் நோயை 'ஷேக்கிங் பால்சி' என்று எழுதினார். ஆனால் அந்நோயாளியின் கைநடுக்கத்தை மருத்துவர் குறிப்பில் டிரெமர் என்றே காண்பீர்கள். சுமத்திராவில் நிலநடுக்கம் ஏற்பட்டு இங்கே மேற்குக் கரையில் மாடி வீடுகள் அசைந்தால் நாளிதழ்களும் டிரெமர் என்றே போடும்.

'ஷடர்' ஓரிரு முறை உடலைத் தூக்கிப்போடும் பெரிய உலுக்கல். அருவருப்பு, திகில் இரண்டுக்கும் வரும். பழைய லோரியின் இயந்திரத்தை அணைக்கும்போது வண்டி ஒருமுறை குலுங்கி அடங்குவதும் அதுவே. 'குவிவர்' மிகச் சிறிய, விரைவான அசைவு: உதடு, குரல், இலை. அம்பறாத்தூணிக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான் என்பதால் அகராதியில் முதல் வரியோடு நின்றுவிடக் கூடாது.

இன்னொன்று, ஷிவர், டிரெம்பிள், ஷடர், குவிவர் போலன்றி, ஷேக் செயப்படுபொருளை இயல்பாக ஏற்கும். மருந்துப் புட்டியை ஷேக் செய்யலாம். டிரெம்பிள் செய்ய முடியாது.

மாலை வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட்:

ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. நேற்று கண் துடிப்பில் தொடங்கி, பிறகு ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டச் சொன்னேன். ஷடருக்கு லோரியாக நடிக்கப் போட்டியே நடந்தது. வலிப்பு எழுதிய மாணவி இப்போது 'ஷிவர்ட் வித் கோல்ட்' என்று திருத்திவிட்டாள். 'வி' ஒலி மாண்டரினில் இல்லாததால் வாசிக்கும்போதுதான் தடுமாறுகிறாள்.

குளிரில் பற்கள் கடகடவென்று மோதிக்கொள்வதற்கு 'சாட்டர்' என்றேன். அரட்டைக்கும் அதே சொல் என்றதும் ஒரு மாணவன், தன் மொழியில் பற்கள் 'தா ட்சான்' செய்யும் என்றும், அந்த 'ட்சான்' எழுத்துக்குப் போர் என்ற பொருளும் உண்டு என்றும் பலகையில் எழுதிக் காட்டினான். ஆங்கிலேயன் பல் அரட்டை அடிக்கிறது, சீனன் பல் சண்டை போடுகிறது என்று வகுப்பே சிரித்தது. முழங்காலுக்கு எதைப் போடுவது என்று அவன் கேட்டபோது, ஷேக், டிரெம்பிள் இரண்டும் பொருந்தும் என்று சொல்லியிருக்கிறேன்.